படுத்தவுடன் தொடங்கும் மூட்டு உளைச்சலும், கைகாலை முறித்தே ஆகவேண்டும் என்ற உந்துதலும்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிடுகிறேன். இதே தொல்லையால் தூக்கமிழப்பவர்கள் தங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். உங்களுக்கு வயது 41. பகல் முழுவதும் நின்றும் நடந்தும் வேலை செய்கிறீர்கள், அப்போது ஒன்றும் தெரிவதில்லை. இரவு படுத்துக் கால் மணி நேரம் ஆவதற்குள் முழங்காலிலும் கணுக்காலிலும், சில நாட்களில் முழங்கையிலும், எலும்புக்குள் குடைவதுபோல ஓர் உளைச்சல் கிளம்புகிறது. காலை நீட்டி மடக்கி, பாதத்தை வளைத்து முறித்தால் ஓரிரு நிமிடம் நிம்மதி; பிறகு மீண்டும் அதே. எழுந்து நடந்தால் அடங்குகிறது, படுத்தால் திரும்புகிறது. எக்ஸ்ரே, யூரிக் அமிலம், முடக்குவாதக் காரணி மூன்றும் சரியாக உள்ளன. ஹீமோகுளோபின் 12.1 என்பதால் ரத்தசோகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம். தூசி ஒவ்வாமைக்காக இரவில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறீர்கள். உங்கள் தாயாருக்கும் இப்படி இருந்ததாக நினைவு. வீட்டில் இதை மனப்பிரமை என்கிறார்கள்.

இது மனப்பிரமை அல்ல. நான் இயன்முறை சிகிச்சையாளன். நோயைத் தீர்மானமாகச் சொல்வது உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரின் வேலை. ஆனாலும் நீங்கள் விவரித்திருக்கும் விதத்தைப் பார்த்தால், இது மூட்டிலிருந்து வரும் வலியாக இருப்பதைவிட, மருத்துவர்கள் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம், சுருக்கமாக ஆர்.எல்.எஸ்., என்று சொல்லும் நரம்பு மண்டலத் தொல்லையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தமிழில் ஓய்வற்ற கால்கள் நோய்க்குறி என்று எழுதுகிறார்கள். பெயரில் கால் இருந்தாலும் கைகளிலும் வரும். மூட்டுக்குள் வலிப்பதாகத் தோன்றுவதால் எல்லோரும் மூட்டையே படம் பிடித்துப் பார்க்கிறார்கள், படத்தில் ஒன்றும் இல்லாததால் நோயே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்த நோயை உறுதிசெய்யத் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. சரியான கேள்விகளைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கால்களை அசைக்க வேண்டும் என்ற உந்துதல், பெரும்பாலும் உள்ளே ஏதோ செய்வதுபோன்ற விரும்பத்தகாத உணர்வோடு சேர்ந்து, இருக்க வேண்டும். அது ஓய்வாகப் படுத்திருக்கும்போதோ உட்கார்ந்திருக்கும்போதோ தொடங்க வேண்டும் அல்லது அதிகமாக வேண்டும். நடந்தாலோ நீட்டி முறித்தாலோ, அசைத்துக்கொண்டிருக்கும் வரையிலாவது, குறைய வேண்டும். மாலையிலும் இரவிலும் பகலைவிட மோசமாக இருக்க வேண்டும். வேறொரு நோயால் மட்டுமே இவை அனைத்தையும் விளக்கிவிட முடியாது என்றும் இருக்க வேண்டும். இந்த ஐந்தும் பொருந்தினால்தான் ஆர்.எல்.எஸ். ஐந்தாவதை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும்; முதல் நான்கும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன.

சிகிச்சைக்கூடத்தில் நான் கவனிக்கும் இன்னொரு விஷயம் உண்டு. எங்கே வலிக்கிறது என்று காட்டச் சொன்னால், மூட்டுத் தேய்மானம் உள்ளவர் முழங்காலின் உட்பக்கம் ஓரிடத்தில் விரலை வைப்பார். இந்த உளைச்சல் உள்ளவரோ உள்ளங்கையால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தடவிக் காட்டி, "இங்கேயெல்லாம், உள்ளுக்குள்ளே" என்பார். அழுத்திப் பார்த்தால் வலி இருக்காது. மூட்டை முழுவதுமாக மடக்கி நீட்டினாலும் வலிக்காது. வீக்கமோ சூடோ தென்படாது. இரவில் என்ன செய்வீர்கள் என்று கேட்கும்போதுதான் உண்மை வெளிவரும். பழைய சேலைத் துணியைக் கிழித்துக் கெண்டைக்காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பவர்கள் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையைக் காலின்மேல் ஏறி மிதிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாயை விட்டு விலகிச் சில்லென்ற சிமென்ட் தரையில் பாதத்தை வைத்து அழுத்திக்கொண்டே விடியும்வரை கிடப்பவர்கள் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு இரவுப் பேருந்தில் போவதென்றாலே அஞ்சுபவர்களும் உண்டு. அவர்கள் அஞ்சுவது பயணத்துக்காக அல்ல, எட்டு மணி நேரம் எழுந்து நடக்க முடியாதே என்பதற்காக. வலி எந்த இடத்தில் என்பதைவிட, அசைந்தால் அது என்ன ஆகிறது, எந்த மணி நேரத்தில் வருகிறது என்ற இரண்டு கேள்விகளே இங்கே முக்கியம்.

வீட்டாருக்குச் சொல்வதற்கு இந்த நோயின் வரலாறும் பயன்படும். தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1672-இல் லத்தீனில் எழுதிய நூலில், படுக்கைக்குப் போனதும் கைகால்கள் துள்ளி இழுத்து, கொடிய சித்திரவதைக்கு ஆளானவர்களைப் போலத் தூங்க முடியாமல் தவிப்பவர்களைப் பற்றிக் குறித்திருக்கிறார். அதன்பின் நெடுங்காலம் மருத்துவ உலகில் சிலர் இதை நரம்புத் தளர்ச்சி என்றும் மனக் கோளாறு என்றும் ஒதுக்கினார்கள். சுவீடனைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்போம் 1945-இல் முழு ஆய்வாக வெளியிட்ட பிறகுதான் இதற்கு இன்றைய பெயர் நிலைத்தது. ரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடமும் கர்ப்பிணிகளிடமும் இது அதிகம் என்பது அந்தக் காலத்திலேயே கவனிக்கப்பட்டது. சுவீடனிலேயே நார்ட்லாண்டர் என்பவர் 1953-இல், சிரை வழியாக இரும்பு செலுத்தியதும் நோயாளிகளுக்குத் தொல்லை அடங்கியதைப் பதிவுசெய்தார். ரத்தசோகை இல்லாதவர்களுக்கும் திசுக்களில் இரும்புப் பற்றாக்குறை இருக்கக்கூடும் என்று அவர் கருதியது பிற்கால ஆய்வுகளில் வலுப்பெற்றது.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இந்த இரும்பைப் பற்றித்தான்.

தசைகளின் அசைவையும் அசைய வேண்டும் என்ற உந்துதலையும் சீராக வைத்திருப்பதில் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. மூளை அதைத் தயாரிக்கும்போது டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி வேலை செய்ய வேண்டும். அந்த நொதிக்கு இரும்பு தேவை. இந்நோய் உள்ளவர்களின் மூளைத் தண்டுவடத் திரவத்தைச் சோதித்தபோதும், இறந்தபின் மூளைத் திசுவை ஆராய்ந்தபோதும், ரத்தத்தில் இரும்பு போதுமான அளவு இருந்தவர்களிடமும் மூளையின் சில பகுதிகளில் அது குறைவாகவே இருந்தது தெரியவந்தது. அதாவது ரத்தத்திலிருந்து மூளைக்கு இரும்பு போய்ச் சேர்வதிலேயே ஒரு தடை. 2007-இல் இந்நோயோடு தொடர்புடைய மரபணுக்கள் சில கண்டறியப்பட்டன. குடும்பத்தில் தாய்க்கும் மகளுக்கும் தொடர்ந்து வருவது அதனால்தான். டோபமைனின் செயல்பாடும் ரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவும் ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்குகின்றன. இரவில் இரண்டும் தாழ்கின்றன. நள்ளிரவை ஒட்டித் தொல்லை உச்சத்துக்குப் போவதும், விடியற்காலையில் அடங்கி அப்போது மட்டும் நல்ல தூக்கம் வருவதும் இதோடு பொருந்துகிறது.

ஹீமோகுளோபின் 12.1 இருக்கிறதே என்று கேட்பீர்கள். அடுப்பில் உலை கொதிப்பதைப் பார்த்துக் குதிரில் நெல் இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் அளவு ஃபெரிட்டின். கையிருப்பு ஏறக்குறைய காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். ஆகவே சீரம் ஃபெரிட்டின், சீரம் இரும்பு, இரும்பைப் பிணைக்கும் மொத்தத் திறன் ஆகிய மூன்றையும் எடுத்துப் பாருங்கள். காலையில், வெறும் வயிற்றில், இரும்பு மாத்திரை எதுவும் எடுத்துக்கொண்டிருந்தால் அதை ஓரிரு நாட்கள் நிறுத்திவிட்டுப் பரிசோதிப்பது நல்லது. காய்ச்சலோ தொற்றோ இருக்கும் நேரத்தில் எடுக்காதீர்கள். உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும்.

முடிவு வந்ததும் இன்னொரு குழப்பம் காத்திருக்கும். பல ஆய்வகங்களின் அறிக்கையில் ஃபெரிட்டின் 10 அல்லது 15 நானோகிராமுக்கு மேல் இருந்தாலே இயல்பு என்று அச்சிட்டிருப்பார்கள். அது பொதுவான கணக்கு. ஆர்.எல்.எஸ். உள்ளவர்களுக்கு, ஒரு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்பது இத்துறை வல்லுநர்களின் பரிந்துரை. உங்கள் அறிக்கையில் 22 என்று வந்து, பக்கத்திலேயே இயல்பு என்று இருந்தால், அதோடு விட்டுவிடாதீர்கள். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. ரத்தசோகையே பாதிப் பேருக்கு மேல் என்றால், ரத்தசோகை வருமுன் கையிருப்பு மட்டும் தீர்ந்திருக்கும் பெண்கள் இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒரு பகுதியினராவது இரவில் காலைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பரிசோதனை செய்யாமல் இரும்பு மாத்திரையை வாங்கிப் போட ஆரம்பிக்க வேண்டாம். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் ரத்த அணுக்கள் சிறுத்துக் காணப்படும். அதை இரும்புக் குறைவு என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். ஃபெரிட்டின் குறைவு என்று உறுதியாகி மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தால், தினமும் இருவேளை போடுவதைவிட ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒருவேளை போடுவது பலருக்கு ஏற்றதாக இருக்கிறது. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற இயக்குநீர் உயர்ந்து, ஏறக்குறைய ஒரு நாள் வரை அடுத்த வேளை இரும்பை உடல் ஏற்றுக்கொள்வதைக் குறைக்கிறது. நெல்லிக்காய்ச் சாறு, எலுமிச்சைச் சாறு போன்ற வைட்டமின் சி உள்ளவற்றோடு போடுங்கள். காபி, தேநீர், பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். சாப்பிட்ட கையோடு டம்ளர் காபி குடிக்கும் பழக்கம் நம்மிடம் ஊறியிருக்கிறது; முருங்கைக்கீரையில் வந்த கொஞ்ச இரும்பையும் அது உடலில் சேரவிடாது. அசைவம் உண்பவராக இருந்தால் ஈரலும் சுவரொட்டியும் நல்ல உணவுகள். இறைச்சியிலுள்ள இரும்பு கீரையிலுள்ளதைவிட எளிதில் உடலில் சேரும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம். பலன் தெரிய இரண்டு, மூன்று மாதங்கள் பிடிக்கும். மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை மீண்டும் பாருங்கள். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலும், அளவு ஏறாவிட்டாலும், மருத்துவமனையில் சிரை வழியாக ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இரும்பு மருந்தைச் செலுத்தும் வழி இருக்கிறது. அதற்கு நல்ல ஆய்வுச் சான்றும் உள்ளது.

இரும்பு ஏன் குறைந்தது என்ற கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. உங்களுக்கு மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகம் என்பதால், கர்ப்பப்பைக் கட்டி போன்ற காரணம் இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஓட்டையை அடைக்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. இதே நிலை ஓர் ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இருந்தால், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்கும் அதே நாளில் கிரியாட்டினின், சர்க்கரை, தைராய்டு, பி12, வைட்டமின் டி ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். சிறுநீரகச் செயலிழப்பால் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் ஆர்.எல்.எஸ். மிக அதிகம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தலைகாட்டி, பிரசவமான சில வாரங்களில் பெரும்பாலானோருக்கு மறைந்துவிடும் வகையும் உண்டு.

அடுத்ததாக, நீங்கள் இரவில் போடும் ஒவ்வாமை மாத்திரையின் அட்டையை எடுத்துப் பாருங்கள். பெனிரமின், குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் போன்ற, தூக்கம் வரவைக்கும் பழைய வகை ஒவ்வாமை மருந்துகள் மூளைக்குள் எளிதில் புகுந்து இந்த உளைச்சலைக் கிளறிவிடக்கூடியவை. சளி மாத்திரைகளிலும் இருமல் மருந்துகளிலும் இவை கலந்திருக்கும். தூக்கம் வரவில்லை என்பதற்காகவே இவற்றைப் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்; கண் செருகும், ஆனால் கால் அடங்காது, அந்த நிலை மிகவும் கொடுமையானது. தூசி ஒவ்வாமைக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயோ, மூளைக்குள் அதிகம் புகாத ஃபெக்ஸோஃபெனடின் போன்ற மாத்திரையோ மாற்றாகத் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசின் ஆகியவையும், மனச்சோர்வு நீக்கும் மருந்துகள் பலவும், மனநோய்க்கான மருந்துகளும் இதே வேலையைச் செய்யும். மனநல மருந்துகளை மட்டும் யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. எழுதிக்கொடுத்தவரிடம் இந்தத் தொல்லையைச் சொல்லி மாற்றுக் கேட்க வேண்டும். மாலைக்குப் பின் காபி, மது, புகையிலை மூன்றும் வேண்டாம். இவற்றால் எல்லோருக்கும் கெடுதல் ஒரே அளவில் இருப்பதில்லை. இரண்டு வாரம் விட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆர்.எல்.எஸ். போலவே தோன்றி ஏமாற்றும் வேறு சில உண்டு. கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதை முதலில் சொல்ல வேண்டும். அதில் தசை கல்போல இறுகும், வலி சுளீரென்று வந்து ஆளை எழுப்பும், பாதத்தை முகத்தை நோக்கி மடக்கினால் விடும்; உந்துதல் என்று ஒன்று முன்கூட்டி இருக்காது. படுக்கப்போகுமுன் சுவரைப் பிடித்து நின்று ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல், முழங்காலை நேராக வைத்துக்கொண்டு முன்னே சாய்ந்து, கெண்டை இழுபடுவதை உணர்ந்து 30 நொடி நிற்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. தொடர்ந்து சில வாரம் செய்தால் இரவில் கெண்டை பிடிப்பது பலருக்குக் குறைகிறது.

நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டால் பாதம் எரியும், மதமதக்கும், பஞ்சில் நடப்பதுபோல இருக்கும். இரவில் அதிகமானாலும் நடப்பதால் தீராது. வைட்டமின் டி மிகவும் குறைந்தால் எலும்பெல்லாம் மந்தமாக வலிக்கும், அழுத்தினால் நோகும், மாடிப்படி ஏறத் தொடைகளில் வலு இருக்காது. சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மாதக்கணக்கில் மூட்டுகள் வலித்து வீங்குவதை நாம் அறிவோம். விரல்களும் முழங்கையும் அளவுக்கு மீறி வளையும் தளர்ந்த மூட்டுக்காரர்களுக்கு ஓயாமல் முறிக்கத் தோன்றும். அவர்கள் மூட்டை எல்லை வரை இழுத்து முறிப்பது கெடுதல், தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியே அவர்களுக்கு மருந்து.

முதுகைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைத் தவறவிட்டு ஆண்டுகளை இழந்த இளைஞர்கள் பலர். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற அழற்சி நோயிலும் வலி ஓய்வில் அதிகமாகும், நடந்தால் குறையும், நீட்டி முறிக்கத் தோன்றும். ஆனால் அதன் நேரம் வேறு. படுத்தவுடன் வராது, இரவின் பின்பாதியில், மூன்று நான்கு மணிக்கு, இடுப்பும் அடிமுதுகும் பிட்டமும் வலித்து எழுப்பும். காலையில் எழுந்தபின் அரை மணி நேரத்துக்கு மேல் உடல் மரக்கட்டைபோல விறைத்திருக்கும். பொதுவாக 45 வயதுக்குமுன் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும். சிலருக்குக் கண் சிவந்து வலிப்பதும், சிலருக்குச் செதில் படையும் கூடவே இருக்கும். இப்படி இருந்தால் மூட்டழற்சி நிபுணரைப் பார்க்க வேண்டும். ஆரம்பக் கட்டத்தில் சாதாரண எக்ஸ்ரே சரியாகவே இருக்கும், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். முடக்குவாதத்திலும் காலை விறைப்பு முக்கிய அடையாளம். அதில் கைவிரல் மூட்டுகள் இரண்டு பக்கமும் வீங்கும். நீங்கள் காலையில் எழுந்தவுடன் விறைப்பு ஏதுமின்றி நடமாடுகிறீர்களா என்பதை உங்கள் கடிதத்தில் காணவில்லை. அதைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால் அது சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், எந்த நிலையில் படுத்தாலும் அசைந்தாலும் ஒரே இடத்தில் ஓயாமல் இருக்கும் எலும்பு வலி, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டை மீறுதல் ஆகியவற்றோடு இரவு வலி இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

இனி, ஃபெரிட்டின் ஏறும்வரை இரவுகளை எப்படிக் கடப்பது என்பதைச் சொல்கிறேன். தொல்லை தொடங்கியதும் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் படுத்திருக்க முயலாதீர்கள். அடக்க அடக்க உந்துதல் ஏறத்தான் செய்யும். எழுந்து ஐந்து நிமிடம் நடந்து, கெண்டைக்கும் பின்தொடைக்கும் நிதானமாக இழுவை கொடுத்து, பாதத்தை அழுத்தித் தேய்த்துவிட்டுப் படுங்கள். வெந்நீரில் காலை வைப்பது சிலருக்கும் குளிர்ந்த நீர் ஊற்றுவது சிலருக்கும் இதமளிக்கும். இரண்டையும் முயன்று உங்களுக்கு எது ஒத்துவருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கெண்டைக்காலை அழுத்திப் பிடிக்கும் காலுறை அணியலாம், ஆனால் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டாம். ரத்த ஓட்டம் தடைப்படும், மெல்லிய தோல் உள்ள முதியவர்களுக்குப் புண்ணாகும். மனம் ஆழ்ந்து ஈடுபடும் வேலை இருந்தால் உந்துதல் குறையும் என்பது பலமுறை கவனிக்கப்பட்டது. குறுக்கெழுத்து, பூக்கட்டுதல், பின்னல் வேலை போன்றவை உட்கார்ந்தபடி மாலையைக் கழிக்க உதவும், வெறுமனே தொலைக்காட்சி பார்ப்பது அவ்வளவாக உதவாது.

உடற்பயிற்சி பற்றிய ஐயம் பலருக்கு உண்டு. வாரம் மூன்று நாள் என்று 12 வாரங்கள் நடைப்பயிற்சியும் கால்களுக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்தவர்களுக்குத் தொல்லை நன்கு குறைந்ததை 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நீங்கள் நாள் முழுவதும் நிற்பவர். நிற்பது பயிற்சி ஆகாது. மாலை ஐந்து, ஆறு மணிக்கு அரை மணி நேரம் வேகமாக நடப்பதும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதும், குதிகாலைத் தூக்கி இறக்குவதும் போதுமான தொடக்கம். இரவு ஒன்பது மணிக்குமேல் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்தால் பலருக்கு அன்று உளைச்சல் கூடிவிடுகிறது. தூக்கம் குறைந்த மறுநாள் இரவு தொல்லை அதிகமாகும் என்பதால், உங்களுக்கு விடியற்காலைத் தூக்கம்தான் நன்றாக இருக்கிறது என்றால், வீட்டு வேலையைப் பங்கிட்டு அந்த ஒரு மணி நேரத்தைக் கணவரும் பிள்ளைகளும் உங்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். காலை ஐந்தரைக்கு எழுந்து எல்லோருக்கும் டிபன் கட்டும் பொறுப்பு உங்களிடமே இருக்கும் வரை எந்தச் சிகிச்சையும் அரைகுறையாகத்தான் பலன் தரும்.

வாரத்தில் பல இரவுகள் தூக்கம் கெட்டு, இரும்பைச் சரிசெய்தும் தீராவிட்டால் மருந்து தேவைப்படும். அதற்கு நரம்பியல் மருத்துவரையோ தூக்க மருத்துவம் தெரிந்தவரையோ பாருங்கள். காபாபென்டின், பிரிகாபலின் ஆகியவையே இப்போது முதலில் தரப்படுபவை. இவற்றால் தலைசுற்றல், பகல் தூக்கம், எடை கூடுதல் வரலாம். ஒரு காலத்தில் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற டோபமைன் வகை மாத்திரைகளே முதல் மருந்தாக இருந்தன. அவை முதல் சில மாதங்கள் அதிசயமாகக் கேட்கும். பிறகு சிலருக்கு, இரவு பத்து மணிக்கு வந்த உளைச்சல் மாலை ஆறுக்கே வரும், காலில் இருந்தது கைக்கும் பரவும், மாத்திரையைக் கூட்டக் கூட்ட நோயும் கூடிக்கொண்டே போகும். சூதாட்டம், கண்மூடித்தனமாகப் பொருள் வாங்குதல் போன்ற கட்டுக்கடங்காத பழக்கங்கள் தலைதூக்குவதும் உண்டு. இதனால் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தருவதற்கு எதிராகவே பரிந்துரைத்திருக்கிறது. இந்த மாத்திரைகளை ஏற்கனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் பல இரவுகள் கண்ணே மூட முடியாத அளவுக்குத் தொல்லை திரும்பும். முன்பைவிட எத்தனை மணிக்கு முன்னதாக உளைச்சல் வருகிறது, எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டினால், வேறு மருந்தைச் சேர்த்து இதைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவார்கள்.